காரில் பெட்ரோல் வாடை: ஆவிக் கசிவைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் பட்டறை வேலை பார்க்கும் எனக்கு வாரத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சு வந்துவிடும். "அண்ணே, காருக்குள்ள பெட்ரோல் வாடை அடிக்குது. ஆனா கீழே ஒரு சொட்டுகூட இல்ல." பாதிப் பேர் அதற்குள் பெட்ரோல் டாங்கின் மூடியை மாற்றியிருப்பார்கள். சிலர் சில நூறு வெள்ளி கொடுத்து, ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரையே மாற்றிவிட்டு வருவார்கள். வாடை மட்டும் போயிருக்காது. அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆவிக் கசிவு என்றால் என்ன? பெட்ரோல் ஒழுகுவதும் இதுவும் ஒன்றா?

இல்லை. பெட்ரோல் சும்மா இருந்தாலே ஆவியாகிக்கொண்டிருக்கும். நம் ஊரில் பகலில் 31, 32 டிகிரி சாதாரணம். வெட்டவெளிக் கார்ப்பேட்டையில் தார்த்தரையின் சூடும் சேர்ந்தால் டாங்குக்குள் ஆவி நிறையவே சேரும். அதை வெளியே விடக்கூடாது என்பதற்காகக் காரில் தனியாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. டாங்கின் மேற்புறத்திலிருந்து ஒரு ஹோஸ் கேனிஸ்டருக்குப் போகும். கேனிஸ்டர் என்பது கரி அடைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஆவி அந்தக் கரியில் ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறக்கும். எஞ்சினின் உறிஞ்சும் பக்கம், கரியில் ஒட்டியிருந்த ஆவியை வெளிக்காற்றோடு சேர்த்து இழுத்து எரித்துவிடும். காற்று உள்ளே வர கேனிஸ்டரின் இன்னொரு முனையில் ஒரு வழி இருக்கும். சில கார்களில் அந்த வழியை மூடித் திறக்க வென்ட் வால்வு உண்டு.

இந்தப் பாதையில் எங்காவது விரிசல், தளர்ந்த கிளிப், நசுங்கிய ஓ-ரிங் (இணைப்பை இறுக்கும் ரப்பர் வளையம்) இருந்தால் ஆவி வெளியே வரும். அதுதான் ஆவிக் கசிவு. தரையில் ஈரம் தெரியாது, மூக்குக்கு மட்டும் தெரியும்.

வாடை வந்தால் ஓட்டலாமா? உடனே என்ன செய்வது?

முதலில் குனிந்து காரின் அடியில் பாருங்கள். ஈரமோ சொட்டோ இருந்தால் அது ஆவிக் கசிவு அல்ல, பெட்ரோலே ஒழுகுகிறது. ஸ்டார்ட் செய்யாதீர்கள். யாரையும் பக்கத்தில் புகைபிடிக்க விடாதீர்கள். நிலத்தடிக் கார்ப்பேட்டையில் பெட்ரோல் தேங்கிக் கிடந்தால் எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு 995ஐக் கூப்பிடுங்கள். இதில் தயங்க வேண்டியதே இல்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவித் தாழ்வான இடத்தில் தேங்கும். காற்றில் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும்.

எஞ்சின் அறைக்குள் வாடை பலமாக வந்தாலும் ஓட்டாதீர்கள். அங்கே எரிபொருள் பைப்போ, எஞ்சினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் ஓ-ரிங்கோ கசியலாம். பக்கத்திலேயே சூடான எக்ஸாஸ்ட் இருக்கிறது. இழுவை வண்டிக்குச் சொல்லுங்கள்.

ஈரம் எங்கும் இல்லை, பின்பக்கத்தில் லேசான வாடை மட்டும்தான் என்றால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பட்டறை வரை ஓட்டி வரலாம். ஆனால் "அடுத்த மாதம் பார்த்துக்கலாம்" என்று விட வேண்டாம். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்று. பின் சீட்டில் பிள்ளை உட்கார்ந்து தினமும் பள்ளிக்குப் போகிறது என்றால் இந்த வாரமே பாருங்கள்.

பட்டறைக்கு வருவதற்கு முன் நான் எதைக் கவனிக்க வேண்டும்?

என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். வாடை எப்போது வருகிறது, எங்கே வருகிறது, டாங்கில் அப்போது எவ்வளவு இருந்தது. இந்த மூன்றையும் ஒரு வாரம் போனில் குறித்துவைத்துக்கொண்டு வாருங்கள். காரின் கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைவிட இந்தக் குறிப்பு எனக்குப் பெரிய உதவி.

டாங்க் நிறைந்த முதல் இரண்டு மூன்று நாள் மட்டும் வாடை, அப்புறம் தானாகப் போய்விடுகிறது என்றால் கசிவு டாங்கின் மேற்பகுதியில் இருக்க வாய்ப்பு அதிகம். பெட்ரோல் பம்ப் உட்கார்ந்திருக்கும் இடத்து ஓ-ரிங், ஊற்றுகுழாயின் ரப்பர் ஹோஸ், மேலே செருகியிருக்கும் ஆவி வால்வு ஆகியவற்றில் ஒன்று. பெட்ரோல் மட்டம் கீழே இறங்கியதும் அங்கே நனைவது நின்றுவிடுகிறது.

டாங்கில் எவ்வளவு இருந்தாலும் பின்சக்கரத்துப் பக்கம் வாடை, அதுவும் பிற்பகல் வெயிலில் நின்ற பிறகு என்றால் கேனிஸ்டரையும் அதன் ஹோஸ்களையும் பார்க்க வேண்டும். ஓட்டிவிட்டு நிறுத்திய பத்து நிமிடத்தில் முன்பக்கம் வாடை என்றால் எஞ்சின் அறை. பர்ஜ் வால்வின் ஹோஸாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். முன்பே சொன்னதுபோல இரண்டாவது ஆபத்தானது.

ஏர்கானில் வெளிக்காற்று வரும்படி வைத்தால் மட்டும் வாடை, உள்காற்றே சுழலும்படி மாற்றினால் இல்லை. இதையும் சொல்லுங்கள். காற்று உள்ளே போகும் வாய் முன்கண்ணாடியின் அடியில் இருக்கிறது. எஞ்சின் அறை வாடை அந்த வழியாகத்தான் ஏறும். அதற்கு மாறாக, எல்லாக் கண்ணாடியையும் மூடி வெயிலில் நிறுத்திய காரின் கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தால், பல கார்களில் பெட்ரோல் பம்ப் இருக்கும் பின் சீட்டின் அடியிலிருந்து வருகிறது என்று சந்தேகப்படுவேன்.

எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0442 என்று வருகிறது. என்ன பொருள்?

சிறிய கசிவு என்று கார் சொல்கிறது. ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துளைக்குச் சமமான கசிவு. பி0456 என்றால் அதைவிடச் சிறியது, அரை மில்லிமீட்டர் அளவு. பி0455 பெரிய கசிவு. பி0457 வந்தால் மூடி திறந்தோ தளர்ந்தோ இருக்கலாம். பி0441 என்றால் பர்ஜ் ஓட்டம் சரியில்லை, பி0446 என்றால் வென்ட் பக்கம் கோளாறு.

இந்த எண் எதுவும் பழுதான பாகத்தின் பெயரைச் சொல்வதில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பி0442 வந்தது, ஆகவே பர்ஜ் வால்வை மாற்று என்று ஒரு காணொளி சொல்லும். இன்னொன்று கேனிஸ்டர் என்னும். கசிகிறது என்பது மட்டுமே காருக்குத் தெரியும், எங்கே என்பது அதற்குத் தெரியாது. இடத்தை நாம்தான் தேட வேண்டும்.

இந்தக் கோளாறுகளில் விளக்கு நிலையாக எரியும். விட்டுவிட்டு மின்னினால் அது எஞ்சின் சரியாக எரியாத வேறு பிரச்சினை. அதோடு வேகமாக ஓட்டாதீர்கள்.

வாடை நன்றாகவே வருகிறது, ஆனால் விளக்கு எரியவில்லை. அப்படியென்றால் கசிவு இல்லையா?

இருக்கலாம். இங்கே பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது. காரே தன் டாங்கைச் சோதித்துத் துளை இருக்கிறதா என்று பார்ப்பது அமெரிக்க விதி கொண்டுவந்த பழக்கம். அங்கே 1996 முதல் விற்ற கார்களில் ஓபிடி 2 (கார் தன் கோளாறைத் தானே கண்டறியும் முறை) கட்டாயமானது, கசிவுச் சோதனையும் அதோடு வந்தது. சிங்கப்பூரில் புதிய பெட்ரோல் கார்களுக்கு 2017 செப்டம்பரிலிருந்து யூரோ 6 என்ற புகைத் தரம். அந்த ஐரோப்பிய விதி, அமெரிக்க விதியைப்போலத் துளை அளவு சொல்லிச் சோதனை கேட்பதில்லை. ஆகவே இங்கே ஓடும் பல கார்களுக்கு அந்தத் திறனே கிடையாது. பர்ஜ் வால்வின் மின்சுற்று சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அமெரிக்கக் காணொளியில் வரும் அதே மாடல் உங்களிடம் இருந்தாலும் கசிவுக்கு விளக்கு எரியும் என்று நம்ப முடியாது.

சோதனை செய்யும் திறன் உள்ள கார்களிலும் ஒரு நிபந்தனை உண்டு. டாங்க் பெரும்பாலும் 15 விழுக்காட்டுக்கும் 85 விழுக்காட்டுக்கும் நடுவில் இருந்தால்தான் சோதனை ஓடும். மலிவுப் பெட்ரோலுக்காக வாராவாரம் மலேசியாவின் ஜோகூர் போகிறவர்களை நினைத்துப் பாருங்கள். 1991 முதல், முக்கால் டாங்க் இல்லாமல் நம் கார் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது. போகும்போது முக்காலுக்கு மேல், வரும்போது முழுசு. காருக்குச் சோதனை செய்ய நேரம் குறைவாகவே கிடைக்கும். மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

மூடியை மாற்றினால் சரியாகிவிடும் என்கிறார்களே?

சில நேரம் சரியாகும். முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான், ஏனென்றால் காசு செலவில்லை. மூடியைக் கழற்றி ரப்பர் வளையத்தை விரலால் தடவுங்கள். வெடிப்பு, கடினம், ஒரு பக்கம் மட்டும் தட்டையாகிப் போனது எதுவும் இருக்கக்கூடாது. ஊற்றுகுழாயின் வாய் விளிம்பையும் துணியால் துடைத்துப் பாருங்கள், மணல் ஒட்டியிருந்தாலே இறுக்கம் போய்விடும். மூடும்போது 'டக் டக்' என்று கேட்கும்வரை திருகுங்கள். மாற்ற வேண்டியிருந்தால் உங்கள் மாடலுக்கென்று உள்ளதையே வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கும் மலிவு மூடிகளில் உள்ளே இருக்கும் வால்வின் அளவு வேறாக இருக்கும்.

வாடை கார் உள்ளேயே வருகிறது என்றால் மூடி காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. மூடியின் கசிவு பெரும்பாலும் வெளியேயே காற்றோடு போய்விடும்.

ஜோகூரில் பெட்ரோல் ஊற்றும் நாசில் தானாக நின்ற பிறகும் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன். அதனால் கெட்டுப்போகுமா?

கெட்டுப்போகும். நான் கழற்றிய கேனிஸ்டர்களில் பெட்ரோல் நிரம்பிக் கனத்துக் கிடந்தவை பெரும்பாலும் இந்தப் பழக்கத்தால் வந்தவை.

நாசில் தானாக நிற்பது டாங்க் நிறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் இல்லை. மேலே கொஞ்சம் காலியிடம் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான். பெட்ரோல் சூட்டில் பெருகும். 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒரு விழுக்காடு. நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த 50 லிட்டர், பிற்பகல் வெயிலில் 10 டிகிரி ஏறினால் அரை லிட்டர் கூடிவிடும். அந்த அரை லிட்டர் போக இடம் வேண்டும். இடமில்லையென்றால் ஆவி போகும் ஹோஸ் வழியாகத் திரவமாகவே கேனிஸ்டருக்குள் இறங்கும். கரி ஆவியைப் பிடிக்கச் செய்தது. திரவத்தில் ஊறினால் அது பழைய நிலைக்கு வருவது கடினம். சில கேனிஸ்டர்களில் கரி உடைந்து தூளாகி ஹோஸ் வழியாகப் பர்ஜ் வால்வு வரை போய் அங்கே சிக்கிக்கொள்ளும். அப்போது வால்வும் போய்விடும்.

பெட்ரோல் நிலையத்தில் காரைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி நிரப்புவதையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆட்டும்போது மேலே சிக்கியிருந்த காற்று வெளியேறி இன்னும் இரண்டு லிட்டர் போகும் என்பது உண்மைதான். அந்த இரண்டு லிட்டரில் மிச்சமாவது ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கேனிஸ்டருக்கு அதைப்போலப் பல மடங்கு ஆகும். தயவுசெய்து நாசில் முதல்முறை நின்றதும் எடுத்துவிடுங்கள். விலையை வட்டத் தொகையாக்க இன்னும் ஐம்பது காசுக்கு அழுத்துவதும் வேண்டாம்.

பெட்ரோல் ஊற்றியதும் கார் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது. மற்ற நேரம் நன்றாக இருக்கிறது. ஏன்?

பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் ஊற்றும்போது டாங்கில் இருந்த ஆவியெல்லாம் விரட்டப்பட்டு அந்தத் திறந்த வால்வு வழியாக எஞ்சினுக்குள் போய் நிறைகிறது. ஸ்டார்ட் செய்யும்போது காற்றைவிட ஆவி அதிகம், அதனால் பற்ற மறுக்கிறது. ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் எடுத்துவிடும். தற்காலிகமாக வீடு வந்து சேர அது போதும்.

சோதிப்பது எளிது. எஞ்சினை ஐடிலில் விட்டு, பர்ஜ் வால்வின் மின் கனெக்டரைக் கழற்றுங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் அந்த வால்வு மூடியே இருக்க வேண்டும். இப்போது கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து உருவி, வால்வின் அந்த வாயில் விரலை வையுங்கள். விரலை இழுத்தால் வால்வு மூடவில்லை, மாற்ற வேண்டும். இழுக்கவில்லையென்றால் அந்த வால்வில் குற்றமில்லை, காசைச் செலவழிக்காதீர்கள். கனெக்டர் கழற்றியதால் ஒரு கோளாறு எண் பதிவாகலாம், வேலை முடிந்ததும் அதை அழித்துவிடலாம். வாயால் ஊதிச் சோதிக்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி.

பல டர்போ கார்களில் இரண்டு பர்ஜ் வழிகள் இருக்கும், ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடித்துவிடக்கூடாது.

ஊற்றும்போது நாசில் பத்து வினாடிக்கு ஒருமுறை நின்று நின்று போகிறது. நிலையத்தின் கோளாறா?

ஒரே நிலையத்தில் மட்டும் என்றால் இருக்கலாம். எங்கே போனாலும் அப்படி என்றால் டாங்கிலிருந்து காற்று வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது. கேனிஸ்டர் பெட்ரோலில் ஊறியிருக்கலாம், வென்ட் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், அல்லது வென்ட் ஹோஸின் வாயில் பூச்சி கூடு கட்டியிருக்கலாம். இது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். 2011இல் மஸ்டா நிறுவனம் அமெரிக்காவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மஸ்டா 6 கார்களைத் திரும்பக் கூப்பிட்டது இதே காரணத்துக்குத்தான். வென்ட் ஹோஸுக்குள் சிலந்தி வலை பின்னியதால் டாங்கில் அழுத்தம் மாறி, டாங்கே விரிசல் விடும் அபாயம் வந்தது. நான் இங்கே எடுத்தது சிலந்தி இல்லை, குளவியின் மண்கூடு. சுண்டுவிரல் நுனி அளவு, காய்ந்து கல்லாக இருந்தது. மரத்தடியில் வாரக்கணக்கில் நின்ற கார்.

புகைச் சோதனை என்கிறார்களே, அது என்ன? தேவையா?

கண்ணால் பார்த்தும் மூக்கால் மோந்தும் இடம் தெரியவில்லையென்றால் தேவை. கனிம எண்ணெயைச் சூடாக்கிக் கிளம்பும் வெள்ளைப் புகையை ஆவிப் பாதைக்குள் மெதுவாகச் செலுத்துவார்கள். வென்ட் வழியை அடைத்துவிட்டால் புகை போக வேறு வழி இல்லை. எங்கே ஓட்டையோ அங்கே நூல்போல வெளியே வரும். பட்டறை விளக்கைக் குறைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும்.

அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். அரை பிஎஸ்ஐ போதும். உங்கள் டயரில் 32 பிஎஸ்ஐ இருக்கிறது என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டறையின் காற்றுக் குழாயை நேராகச் செருகினால் ஆவி வால்வுகளும் டாங்கும் பாழாகும். காற்றுக்குப் பதில் நைட்ரஜன் செலுத்துவது இன்னும் பாதுகாப்பு, தீப்பற்ற அது துணைபோகாது.

நல்ல கருவியில் ஒரு கண்ணாடிக் குழாயும் அதற்குள் சின்னக் குண்டும் இருக்கும். எங்கும் கசிவில்லையென்றால் குண்டு அடியில் உட்கார்ந்துவிடும். மிதந்துகொண்டே இருந்தால் எங்கோ போகிறது. பழுது பார்த்த பிறகு அந்தக் குண்டு இறங்கியதா என்று கேளுங்கள். வேலை முடிந்ததற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

எல்லாம் மாற்றியாகிவிட்டது, வாடை போகவில்லை. அப்புறம்?

ஈசூனிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். 12 வயதுக் கார், சிஓஇ (கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்தது. வேறு இடங்களில் மூடி மாற்றியாயிற்று, கேனிஸ்டர் மாற்றியாயிற்று. "தம்பி, இதுக்கு மேல செலவழிக்க மனசு வரல. வித்துடலாமான்னு பாக்குறேன்" என்றார். ஆனால் பாடக் குறிப்பு எழுதும் பழக்கம் விடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வெள்ளி இரவு முழு டாங்க். சனி, ஞாயிறு வாடை. திங்கள் லேசாக. புதன் இல்லை. மூன்று வாரமும் அப்படியே.

அந்தத் தாளைப் பார்த்ததுமே பின் சீட்டைத் தூக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் உடனே தூக்கவில்லை, அடுத்த முறை டாங்க் நிறைந்த மறுநாள் வரச் சொன்னேன். சனிக்கிழமை காலையில் வந்தார். சீட்டின் அடியில் வட்டமான இரும்புத் தகடு, கறுப்புப் பசை வைத்து ஒட்டியது. அதைப் பிரித்ததும் வாடை குப்பென்று ஏறியது. பம்பின் தலைப்பகுதி முழுக்க 12 வருடத் தூசி, வெளிர் பழுப்பு நிறம். ஒரே ஓர் இடத்தில் மட்டும், பிறை நிலா மாதிரி, தூசி ஈரத்தில் கறுத்துப் படிந்திருந்தது. புகை விட்டுப் பார்த்தோம், அந்தப் பிறையிலிருந்துதான் வந்தது. எப்போதோ பம்ப் மாற்றியவர் பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருக்கிறார். அது ஒரு பக்கம் மடங்கி, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தட்டையாகிவிட்டது. டாங்க் நிறைந்தால் வளைவில் திரும்பும்போது பெட்ரோல் அங்கே வந்து நனைக்கும்.

பாதி டாங்குக்குக் கீழே வரும்வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லி, புதிய ஓ-ரிங் போட்டோம். அந்த ரப்பர் வளையத்தின் விலை, அவர் அதுவரை செலவழித்ததில் ஒரு சிறு துளிகூட இல்லை. ஆறு மாதம் கழித்து எண்ணெய் மாற்ற வந்தபோது அவரே பின் கதவைத் திறந்து மோந்து காட்டினார்.

நானே செய்யலாமா?

மூடி, பர்ஜ் வால்வு, எஞ்சின் அறையில் கைக்கு எட்டும் ஆவி ஹோஸ் என்றால் கொஞ்சம் கைவேலை தெரிந்தவர் செய்யலாம். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், காற்றோட்டம் இருக்க வேண்டும்.

பம்பைத் திறப்பது, டாங்கை இறக்குவது வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார்ப்பேட்டையில் அதைச் செய்வது உங்களுக்கு மட்டுமல்ல, மேல்மாடியில் இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. பட்டறையில்கூட முதலில் பம்பின் பியூஸை எடுத்து அழுத்தத்தை இறக்கி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்குவோம்.

ஹோஸ் வாங்கும்போது பெட்ரோலுக்கென்று செய்ததைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேலேயே எஸ்ஏஇ ஜே30 ஆர்7 போன்ற குறி அச்சடித்திருக்கும். தண்ணீர் ஹோஸும் சாதாரண வேக்கியூம் ஹோஸும் சில மாதத்தில் ஊதிப் பிசுபிசுத்துவிடும். சிலிகான் கம் தடவி ஒட்டுவதும் அப்படித்தான், பெட்ரோல் ஆவியில் அது ஊதிக் கழன்றுவிடும். விரிசல் விட்ட ஹோஸின் மேல் டேப் சுற்றியவர்களும் உண்டு. அதை நான் பழுது பார்த்ததாகவே எண்ணுவதில்லை.

அமெரிக்கக் காணொளிகளில் ஊற்றுகுழாய் துருப்பிடிப்பதைப் பார்க்கிறேன். நமக்கும் அப்படியா?

அரிது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுவார்கள், அது தின்றுவிடும். நமக்குச் சூடுதான் எதிரி. இரும்பைவிட ரப்பர் முதலில் போகும். பத்து வருடம் தாண்டிய காரில் ஒவ்வொரு ஆவி ஹோஸையும் விரலால் மடக்கிப் பாருங்கள். மடக்கும்போது மேலே மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட கார்கள் ஆண்டுதோறும் ஆய்வுக்குப் போக வேண்டும் அல்லவா? அதற்கு முந்திய மாதம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வில் பிடிபடட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரவில் நிறுத்திவைத்த காரின் பின்பக்கம் 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்கிறது. யாரும் தொடவில்லை. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கசிவுச் சோதனைத் திறன் உள்ள சில கார்களில் சின்னப் பம்ப் ஒன்று, எஞ்சினை நிறுத்திப் பல மணி நேரம் கழித்துத் தானாக ஓடி டாங்கைச் சோதிக்கும். டொயோட்டாவின் ஒரு முறையில் ஐந்து மணி நேரம் கழித்து. சில நிமிடத்தில் நின்றுவிடும்.

ஹைபிரிட், டீசல் கார்களுக்கும் இது உண்டா?

ஹைபிரிட்டுக்கு உண்டு. செருகிச் சார்ஜ் செய்யும் ஹைபிரிட்டுகளில் எஞ்சின் நாள்கணக்கில் ஓடாமல் இருக்கும் என்பதால், பல மாடல்களில் டாங்கே அழுத்தம் தாங்கும்படி மூடி வைத்திருப்பார்கள். பெட்ரோல் ஊற்றும்முன் பட்டனை அழுத்திக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அதை அவசரத்தில் நெம்பித் திறக்காதீர்கள். டீசல் அவ்வளவாக ஆவியாகாது, அதனால் இந்த ஏற்பாடே இல்லை. டீசல் வாடை வந்தால் எங்கோ ஒழுகுகிறது.

பழுது பார்த்த பிறகும் விளக்கு எரிகிறது. வேலை சரியில்லையா?

கொஞ்சம் பொறுங்கள். கோளாறு எண்ணை ஸ்கேனரில் அழித்தால் விளக்கு உடனே அணையும். அழிக்காமல் விட்டால் கார் தன் சோதனையை முடித்துத் திருப்திப்படும்வரை எரியும். அதற்கு டாங்க் பாதியளவில் இருக்க வேண்டும், கார் இரவு முழுக்க நின்று ஆறியிருக்க வேண்டும், அப்புறம் சீராகக் கொஞ்சத் தூரம் ஓட வேண்டும். பழுது பார்த்த வாரம் மட்டுமாவது முழுசாக நிரப்பாதீர்கள். ஜோகூர் பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வையுங்கள்.

பட்டறையில் என்ன கேட்க வேண்டும்? எவ்வளவு ஆகும்?

மூடி, ஓ-ரிங், ஹோஸ் என்றால் பொருளுக்குச் சில பத்து வெள்ளியில் முடியும். கேனிஸ்டர் சில நூறு. டாங்கை இறக்க வேண்டிவந்தால் கூலி தனி. காரை விடும்போதே, "கசியும் இடத்தை எனக்குக் காட்டிவிட்டு மாற்றுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். புகையைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னாலும் சரி. நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். கழற்றிய பழைய பாகத்தையும் திரும்பக் கேளுங்கள். கேனிஸ்டராக இருந்தால் கையில் வாங்கிக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே திரவம் ஆடினாலோ, தூள் சரசரத்தாலோ மாற்றியது நியாயம். இரண்டும் இல்லாமல் புதுசுபோல லேசாக இருந்தால், புகை எங்கிருந்து வந்தது என்று அங்கேயே நின்று கேளுங்கள்.